நாய்க்கும் பூனைக்கும் ‘ஃபுல் பாடி செக்கப்’: பேக்கேஜில் எது தேறும், எது தேறாது

ஊருக்குள் பல பெட் கிளினிக்குகளில் ரிசப்ஷன் மேசைமேல் ஒரு விலை அட்டை நிற்கும். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று அடுக்கு. சில்வரில் டாக்டர் பார்ப்பதும், சிபிசி என்கிற ரத்த அணுக் கணக்கும், ஓரிரு கிட்னி, லிவர் அளவுகளும் இருக்கும். கோல்டில் முழு பயோகெமிஸ்ட்ரி என்கிற ரத்த ரசாயன அளவுகள், டிக் ஃபீவர் (உண்ணிக் காய்ச்சல்) கிட், ஒரு எக்ஸ்-ரே சேரும். பிளாட்டினத்துக்குப் போனால் வயிற்று ஸ்கேன், எக்கோ என்கிற இதய ஸ்கேன், தைராய்டு. பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும், அடுக்கு அநேகமாக இதுதான். எந்தக் கிளினிக் என்பதை விட்டுவிட்டு அந்த அட்டையை மட்டும் வரி வரியாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விலை ஏறுகிற வேகத்தில் பயன் ஏறுவதில்லை. வெளியே நன்றாகத் தெரியும் ஒரு நாயிடமோ பூனையிடமோ ஒளிந்திருக்கும் நோயைக் காட்டிக் கொடுப்பதில் பெரும்பங்கு நான்கு எளிய சங்கதிகளுக்கு: டாக்டரின் கை, தராசு, கண்ணாடிச் சில்லில் தேய்த்த ஒரு ரத்தத்துளி, ஒரு கிண்ணம் சிறுநீர். இவற்றில் கடைசி இரண்டும் பல அட்டைகளில் அச்சாகியே இருக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

கை வைத்துப் பார்ப்பது

ஒழுங்கான உடல் பரிசோதனைக்குப் பதினைந்து, இருபது நிமிடம் பிடிக்கும். நாய் அறைக்குள் நடந்து வரும்போதே அதன் பின்னங்கால் வைப்பைக் கவனிப்பதில் தொடங்கும். மேசைமேல் ஏற்றிய பிறகு மூக்கிலிருந்து வால்வரை ஒரே வரிசையில் போக வேண்டும். கண்கள், விளக்கு வைத்துக் காதுக்குள், உதட்டைத் தூக்கிக் கடைவாய்ப் பல்வரை. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாடையின் அடி, தோள்முன், முழங்கால் மடிப்பின் பின்புறம் உள்ள நிணநீர் முடிச்சுகளை இரு பக்கமும் ஒப்பிட்டுத் தடவ வேண்டும். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சின் இரு பக்கமும் வைத்து, அதே சமயம் மறு கையால் தொடையின் உட்புறம் நாடி பிடிக்க வேண்டும். இதயம் துடித்து நாடி வராத துடிப்பு இருந்தால் அப்படித்தான் பிடிபடும். பிறகு வயிறு, தோல், விரலிடுக்கு, பெட்டையானால் காம்பு வரிசை முழுக்க, ஆணானால் விதைகள் இரண்டும். கடைசியில் ஆசனவாயில் தெர்மாமீட்டர்.

அந்தத் தெர்மாமீட்டர் 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் காட்டினால் நாய்க்கு அது சாதாரணம். மனிதக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு 101.5-க்கே பாராசிட்டமால் தேடுகிறவர்கள் உண்டு. பூனைக்கு அந்த மாத்திரை ஒன்றே உயிரை எடுக்கும், எதற்கும் அது வேண்டாம்.

தராசைப் பலர் மதிப்பதில்லை. 4 கிலோ பூனை ஒரு வருடத்தில் 400 கிராம் இளைத்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். 60 கிலோ ஆள் 6 கிலோ இளைத்ததற்கு அது சமம். அடர்ந்த முடிக்குள் கண்ணுக்கு அது தெரியாது. ஆட்கள் ஏறி நிற்கும் தராசில் பூனைப் பெட்டியை வைத்துக் கழித்துப் பார்த்தால் பிழையே 200, 300 கிராம் வந்துவிடும். குழந்தைகளுக்கான, 10 அல்லது 20 கிராம் துல்லியமுள்ள தராசு அந்த இடத்தில் இருக்க வேண்டும். எடையோடு உடல்வாகு மதிப்பெண்ணையும் எழுதித் தர வேண்டும். 9-க்கு 4 அல்லது 5 நாய்க்குச் சரி. சிப்பிப்பாறைக்குக் கடைசி விலா எலும்புகள் தெரிவது அதன் வாகு. லேப்ரடாருக்கு அப்படித் தெரிந்தால் ஏன் என்று விசாரிக்க வேண்டும்.

டாக்டர் தொடுவதற்கு முன்பே ஊசியோடு ஆள் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகும் இடங்களுக்கு மதிப்பெண் குறைகிறது. எந்தப் பரிசோதனை வேண்டும் என்பதைக் கைதான் தீர்மானிக்க வேண்டும். இதயத்தில் சத்தம் கேட்ட வயதான பொமரேனியனுக்கு முதல் தேவை நெஞ்சு எக்ஸ்-ரே. அட்டையில் உள்ள தைராய்டு அதற்கு எந்த விதத்திலும் உதவாது.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

ரத்தம் எடுப்பதற்கு முன் 8 முதல் 10 மணி நேரம் உணவு வேண்டாம், தண்ணீர் தாராளமாகக் கொடுக்கலாம். சாப்பிட்ட உடனே எடுத்தால் சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீர்) மோர் மாதிரி கலங்கி வரும். அதில் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் பல அளவுகள் தப்பாகும். குட்டிகளுக்கும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் நாய் பூனைகளுக்கும் இந்தப் பட்டினி ஆகாது. அவற்றுக்கு என்ன செய்வதென்று போனிலேயே கேட்டுக்கொள்ளவும்.

அன்று காலை முதல் சிறுநீரை, கழுவி உலர்த்திய கரண்டியிலோ தட்டிலோ நடுத்தாரையில் பிடித்து, மருந்துக்கடையில் கிடைக்கும் மூடியுள்ள கப்பில் ஊற்றவும். 5 மி.லி. போதும். அன்று போட்ட மலத்தில் ஒரு திராட்சை அளவு, மேல்பகுதியிலிருந்து. மண்ணில் பட்ட பகுதியை எடுத்தால் மண்ணில் வாழும் புழுக்கள் உள்ளே புகுந்து லேபைக் குழப்பும். பூனையைக் கேரியர் பெட்டியில், மேல்பாகம் தனியாகக் கழலும் வகையில் கொண்டுபோனால் அடியிலேயே உட்காரவைத்துப் பாதிப் பரிசோதனையை முடிக்கலாம். இழுத்து வெளியே போட்ட பூனையின் ரத்த சர்க்கரை பயத்திலேயே 200, 300-க்கு ஏறும். அதைப் பார்த்து நீரிழிவு என்று எழுதக் கூடாது. சந்தேகம் வந்தால் கடந்த இரண்டு வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் இருக்கிறது.

சிபிசி: இயந்திரம் சொல்வதும் கண்ணாடிச் சில்லு சொல்வதும்

பேக்கேஜிலேயே அதிகம் தப்பாகிற, அதனாலேயே அதிகம் பேச வேண்டிய வரி இது.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ உப்பு இருக்கிறது. கோடு போட்ட அளவுக்கு மேல் நிரப்பினால் உப்பு போதாமல் உள்ளே நூல் நூலாக உறையும். குறைத்து நிரப்பினால் உப்பு மிஞ்சி அணுக்களைச் சுருக்கும். பூனைக்கும் சிறு நாய்க்கும் 0.5 மி.லி. குழாய் தனியாகவே கிடைக்கிறது, 2 மி.லி. குழாயின் அடியில் நாலு சொட்டு விட்டு அனுப்பும் இடத்தைச் சற்றுச் சந்தேகிக்கலாம். நிரப்பியதும் எட்டு, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடையும். சிரிஞ்சின் ஊசியைக் கழற்றாமல் அதன் வழியே பீய்ச்சினாலும் உடையும்.

இன்னொரு தப்பு சுவாரசியமானது. சீரம் பிரிப்பதற்கான சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை என்று ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் மாற்றி ஊற்றிவிடுவது. இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதோடு வரும் பொட்டாசியம் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். வால் ஆட்டிக்கொண்டு நிற்கும் நாயின் ரிப்போர்ட்டில் கால்சியம் அதலபாதாளத்திலும் பொட்டாசியம் ஆகாயத்திலும் இருந்தால் நோயைத் தேடுவதற்கு முன் குழாயைத் தேட வேண்டும்.

பெரிய பிரச்சினை எந்த இயந்திரம் எண்ணுகிறது என்பது. மனித சிவப்பணுவின் சராசரிப் பருமன் 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர். நாய்க்கு 60 முதல் 77. பூனைக்கு 39 முதல் 55. மனிதர்களுக்காக அமைத்த இயந்திரம் இவ்வளவுக்குக் கீழே இருப்பது பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு), மேலே இருப்பது சிவப்பணு என்று அளவை வைத்தே கோடு போடுகிறது. பூனை ரத்தத்தில் பெரிய பிளேட்லெட்டும் சிறிய சிவப்பணுவும் அந்தக் கோட்டில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். கிளினிக்கில் எடுத்து, பக்கத்துத் தெருவில் உள்ள மனித லேபுக்கு அனுப்பும் பழக்கம் சிறு ஊர்களில் இருக்கிறது. வேறு வழியில்லாத அவசரத்தில் புரிந்துகொள்ளலாம். ஆனால் பேக்கேஜ் விலை வாங்கிக்கொண்டு அதைச் செய்வது நியாயமில்லை. கண்டுபிடிப்பது சுலபம். ரிப்போர்ட்டின் தலைப்பில் கேனைன் அல்லது ஃபெலைன் என்று இனம் அச்சாகியிருக்கிறதா, வலப்பக்கம் உள்ள நார்மல் எல்லைகள் அந்த இனத்துக்கானவையா என்று பாருங்கள். சிவப்பணுப் பருமனுக்கு எதிரே 80–100 என்றிருந்தால் அது உங்களுக்கான எல்லை, உங்கள் நாய்க்கோ பூனைக்கோ ஆனதல்ல.

விலங்குகளுக்கான இயந்திரமும் பிளேட்லெட்டில் ஏமாறும். பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டால் ஒரு கொத்தை ஒன்றாக எண்ணும், அல்லது எண்ணாமலே விடும். பூனையில் இது அன்றாடம் நடப்பது. இதற்கு மருந்து ரத்த ஸ்மியர். குழாயிலிருந்து ஒரு சொட்டைச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லால் தள்ளித் தேய்த்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஆயில் லென்ஸில் ஒரு வட்டத்துக்குத் தெரியும் ஒவ்வொரு பிளேட்லெட்டும் சுமார் 15,000-த்துக்குச் சமம். வட்டத்துக்குச் சராசரி பத்து இருந்தால் ஒன்றரை லட்சம், பயமில்லை. ஸ்மியரின் மெல்லிய விளிம்பில் கொத்துகள் கிடந்தால் இயந்திரம் சொன்ன 40,000 பொய். பத்து நிமிட வேலை, பொருட்செலவு மிகச் சொற்பம். இருந்தும் அட்டையில் இதற்கு இடமில்லை, காரணம் இயந்திரம் தானே ஓடும், மைக்ராஸ்கோப்பில் ஆள் உட்கார வேண்டும்.

நம் ஊரில் ஸ்மியருக்கு இன்னொரு வேலையும் உண்டு. எர்லிக்கியா, பேபீசியா, ஹெப்படோசூன் என்று உண்ணி கொண்டுவரும் கிருமிகள் இங்கே வருடம் முழுக்க உண்டு. பழுப்பு நாய் உண்ணி சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும் குடும்பம் நடத்தும், புல்லையே மிதிக்காத ஃபிளாட் நாய்க்கும் அதனால் பாதுகாப்பில்லை. பேபீசியா கிப்சோனி மிகச் சிறியது. காது நுனியைக் குத்தி எடுத்த சொட்டில் அதைப் பிடிக்கும் வாய்ப்பு, கால் நரம்பு ரத்தத்தைவிட அதிகம்.

டிக் ஃபீவர் கிட்

கோல்டு பேக்கேஜின் கவர்ச்சி இதுதான். பரவலாக அறியப்பட்டது ஐடெக்ஸ் நிறுவனத்தின் ஸ்னாப் 4டிஎக்ஸ் பிளஸ். இதயப்புழுவின் ஆன்டிஜென் (புழுவிலிருந்தே வரும் பொருள்), எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, லைம் ஆகியவற்றின் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்) என நான்கை ஒரே தட்டில் காட்டுகிறது. செய்முறை கண்டிப்பானது, அதில்தான் தப்பும் நடக்கிறது. ஃபிரிட்ஜில் இருந்தால் அறை வெப்பத்துக்கு வர விட வேண்டும். 3 சொட்டு ரத்தம் அல்லது சீரம், கிட்டோடு வரும் கான்ஜுகேட் திரவம் 4 சொட்டு, மூன்று நான்கு முறை கவிழ்த்துக் கலந்து குழியில் ஊற்ற வேண்டும். திரவம் ஓடி மறுபுறத்து வட்டத்தை எட்டும்போது, அது முழுக்க நனைவதற்கு முன், பொத்தானை அமுக்க வேண்டும். சரியாக 8-ஆவது நிமிடத்தில் படிக்க வேண்டும். இன்னொரு நாய்க்கு ஊசி போட்டுவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் அந்த முடிவை நம்ப முடியாது. கட்டுப்பாட்டுப் புள்ளி நீலமாகவில்லை என்றால் கிட் செல்லாது. நெகட்டிவ் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கொரியா, சீனாவிலிருந்து வரும் பட்டை வடிவ கிட்களும் புழக்கத்தில் உள்ளன. அவற்றின் சொட்டுக் கணக்கும் நேரமும் வேறு. ஒன்றின் பழக்கத்தில் இன்னொன்றைச் செய்வது இன்னொரு வழக்கமான பிழை.

கிட் நல்ல கிட்தான். அதைப் படிப்பதில்தான் பணமும் மருந்தும் வீணாகின்றன. எர்லிக்கியாவுக்கு அது பார்ப்பது ஆன்டிபாடியை. உண்ணி கடித்து நோய் தொற்றிய முதல் இரண்டு வாரம் ஆன்டிபாடி இராது. காய்ச்சலில் துவண்ட நாய்க்கு நெகட்டிவ் வரலாம். மறுபுறம், சிகிச்சை முடிந்து குணமான நாய்க்கும் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் பாசிட்டிவ் வரும். வருடாந்தரச் சோதனையில், குதித்து விளையாடும் நாய்க்கு நீலப்புள்ளி வந்தால் அந்த நாய் எப்போதோ எர்லிக்கியாவைச் சந்தித்திருக்கிறது என்பது மட்டுமே பொருள். பிளேட்லெட் சரியாக இருக்கிறதா, குளோபுலின் என்கிற ரத்தப் புரதம் ஏறியிருக்கிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்த பிறகே 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பற்றிப் பேச வேண்டும். சந்தேகம் நீடித்தால் கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர். அதற்கான ரத்தத்தை முதல் மாத்திரை கொடுப்பதற்கு முன் எடுத்தாக வேண்டும்.

இன்னொரு குறை இந்தியாவில் கண்ணை உறுத்துவது. நான்கில் ஒரு புள்ளி லைம் நோய்க்குப் போகிறது. அது வட அமெரிக்காவின் தலைவலி. தமிழ்நாட்டில் நாயைச் சாய்க்கும் பேபீசியாவுக்கு இந்தத் தட்டில் இடமே இல்லை. ‘டிக் ஃபீவர் டெஸ்ட் நெகட்டிவ்’ என்ற வரியைப் படித்துவிட்டு, ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும் நாயை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. அங்கேயும் ஸ்மியர், அல்லது பிசிஆர்.

பயோகெமிஸ்ட்ரி

கிட்னிக்கு யூரியா, கிரியாட்டினின். லிவருக்கு ஏஎல்டி, ஏஎல்பி. புரதம், ஆல்புமின், சர்க்கரை. இவை போதும். 20, 25 அளவுகள் என்று விளம்பரம் செய்வதில் ஒரு கணக்கு மறந்துபோகிறது. நார்மல் எல்லை என்பதே ஆரோக்கியமான விலங்குகளில் நூற்றுக்கு 95-ஐ உள்ளடக்கும்படி வரைந்தது. ஒன்றையொன்று சாராத இருபது அளவுகளைப் பார்த்தால், ஒரு நோயும் இல்லாத நாய்க்கும் ஏதாவது ஒன்று சிவப்பில் வர நூற்றுக்கு 64 வாய்ப்பு. அந்த ஒரு சிவப்பைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், அதில் தெரிந்த ஒரு நிழலைத் துரத்திக்கொண்டு ஊசி என்று போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கிரியாட்டினின் தாமதமாகத்தான் வாய் திறக்கும். கிட்னியின் வேலை ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகே எல்லையைத் தாண்டும். தசையிலிருந்து வருவது என்பதால் இளைத்துப்போன கிழப்பூனையில் அது குறைத்தும் காட்டும். எஸ்டிஎம்ஏ என்கிற புதிய அளவு தசையைச் சார்ந்ததல்ல, இன்னும் முன்னதாகவே ஏறுகிறது. 14-க்கு மேல் நிலையாக நின்றால் கவனிக்க வேண்டும். ஏழு வயதைத் தாண்டிய பூனைக்கு எஸ்டிஎம்ஏவுக்குக் காசு கொடுக்கலாம். மூன்று வயது நாட்டு நாய்க்கு வேண்டாம்.

வருடாந்தரச் சோதனையின் உண்மையான லாபம் போன வருட ரிப்போர்ட்டோடு ஒட்டிப் பார்க்கும்போது வருகிறது. கிரியாட்டினின் போன வருடம் 0.8, இந்த வருடம் 1.3. இரண்டும் நாய்க்கான எல்லைக்குள்ளேயே இருப்பதால் கம்ப்யூட்டர் இரண்டையும் கறுப்பு மையில்தான் அச்சடிக்கும். ஆனால் அதே நாய், அதே லேப் என்றால் அந்த ஏற்றம் பெரியது. ‘எல்லாம் நார்மல்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பும் இடத்தில் எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லேபை மாற்றினால் இந்த ஒப்பீடு பலவீனப்படும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

ஏஎல்பி பற்றிக் கொஞ்சம். வளரும் குட்டியின் எலும்பிலிருந்தும் அது வரும், அரிப்புக்குக் கொடுத்த ஸ்டீராய்டாலும் ஏறும். ஆறு மாதக் குட்டிக்கு ஏஎல்பியைப் பார்த்து லிவர் டானிக் எழுதினால் அது டானிக் விற்பனை. கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாய் வகையில் சிவப்பணு அடர்த்தி இயல்பாகவே கூடுதல், பிளேட்லெட்டும் தைராய்டு டி4-உம் இயல்பாகவே குறைவு. சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் இதை டாக்டரிடம் ஞாபகப்படுத்தினால் தேவையில்லாத தைராய்டு மாத்திரையைத் தவிர்க்கலாம்.

சிறுநீரும் மலமும்

கொடுத்த காசுக்கு அதிகம் சொல்வது சிறுநீர்ப் பரிசோதனை. கிரியாட்டினின் 1.6 என்றால் கிட்னி பழுதா, வெறும் தண்ணீர்ப் பற்றாக்குறையா என்பதைச் சிறுநீரின் அடர்த்தி சொல்லிவிடும். அந்த அடர்த்தியை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கைக்கருவியில் ஒரு சொட்டு வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் படிக்க வேண்டும். நாய்க்கு 1.030, பூனைக்கு 1.035-க்கு மேல் இருந்தால் கிட்னி நீரைச் சுண்டக் காய்ச்சும் திறனோடு இருக்கிறது. மனிதர்களுக்கான டிப்ஸ்டிக் பட்டையிலும் அடர்த்திக்கு ஒரு கட்டம் இருக்கும், விலங்குகளுக்கு அது உதவாது. அதே பட்டையின் வெள்ளணுக் கட்டமும் அப்படியே. பூனைக்குப் பொய்யாக நிறம் மாறும். புரதம், ரத்தம், சர்க்கரை, கீட்டோன் ஆகிய கட்டங்களை நம்பலாம்.

அரை மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்த சிறுநீரில் இல்லாத படிகங்கள் உருவாகும். அதைக் கண்டு ‘கல் இருக்கிறது’ என்று விலை உயர்ந்த யூரினரி தீவனத்துக்கு மாற்றிய பூனைகள் அநேகம். கிருமி வளர்க்கும் கல்ச்சர் சோதனைக்கு வீட்டில் பிடித்தது போதாது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் மூத்திரப்பையிலிருந்து நேரே எடுப்பார்கள். கேட்கப் பயமாக இருக்கும், பூனைகள் பெரும்பாலும் அசைவதுகூட இல்லை.

மலத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு துளியைச் சில்லில் கரைத்துப் பார்ப்பது அரைகுறை. 3 முதல் 5 கிராம் எடுத்து, அடர் உப்புக் கரைசலில் கலக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மிதக்கவிட்டால்தான் கொக்கிப்புழு முட்டை மேலே வரும். பூச்சி மருந்து கொடுத்த மறுநாள் கொண்டுபோய்ப் பயனில்லை.

எக்ஸ்-ரே, ஸ்கேன்

‘முழு உடல் எக்ஸ்-ரே’ என்று ஒரே படத்தில் மூக்கிலிருந்து வால்வரை எடுத்துத் தருவது வீண். கதிர் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விழுவதால் இரண்டும் கோணலாகத் தெரியும். மூச்சு இழுத்த கணத்தில் நெஞ்சு, விட்ட கணத்தில் வயிறு என்று தனித்தனியே, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு கோணம் வேண்டும். அறிகுறி இல்லாத இளம் நாய்க்கு எதுவுமே வேண்டாம். விதிவிலக்கு, இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு, லேப், ராட்வைலருக்கு இடுப்பு மூட்டுப் படம். அதற்கும் மயக்க ஊசி போட்டுக் கால்களை நேராக நீட்டி எடுத்தால்தான் மதிப்பிட முடியும்.

வயிற்று ஸ்கேன் எட்டு வயதுக்கு மேற்பட்ட பெரிய நாய்களுக்கு, மண்ணீரல் கட்டி தேடுவதற்காக, நியாயமான செலவு. கருத்தடை செய்யாத வயதான பெட்டைக்குக் கர்ப்பப்பையும் பார்த்துவிடலாம். எல்லாமே ஸ்கேன் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது. முடியை மழிக்காமல், ஐந்து நிமிடத்தில் முடிந்த ஸ்கேனுக்குப் பாதி மதிப்புதான்.

பூனைக்கு மட்டும் பிளாட்டினத்தில் ஒன்று சேர வேண்டும், பெரும்பாலும் சேர்ந்திருக்காது: ரத்த அழுத்தம். ஏழு வயதுக்கு மேல் வருடம் ஒரு முறை. டாப்ளர் கருவியும், கால் சுற்றளவில் 30 முதல் 40 சதவீத அகலமுள்ள பட்டையும் வேண்டும். பூனையை ஐந்து பத்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, முதல் அளவைத் தள்ளிவிட்டு, அடுத்த ஐந்தாறின் சராசரியை எழுத வேண்டும். நிதானமாக எடுத்த அளவு மறுமுறையும் 160-க்கு மேல் இருந்தால் மருந்து பற்றிப் பேச வேண்டும். விட்டுவிட்டால் ஒரு நாள் காலையில் விழித்திரை கழன்று பூனை சுவரில் முட்டும்.

எங்கே, எதை

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்த விஷயத்தில் தனி ரகம். 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரிக்கு வந்த கல்லூரி. 1989-இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் பல்கலைக்கழகக் கல்லூரிகள் உண்டு. விலங்கு ரத்தத்தைப் பார்த்துப் பழகிய லேபும், எக்ஸ்-ரேயும், ஸ்கேனும், அந்தந்தத் துறை ஆட்களும் ஒரே வளாகத்தில் இருப்பது பலம். செலவும் தனியாரைவிடக் கையைக் கடிக்காது. கூட்டம் பலவீனம், மிரளும் பூனைக்கும், மற்ற நாய்களைக் கண்டால் பாயும் நாய்க்கும் அந்தக் காத்திருப்பு கஷ்டம். நாய்க்கு வாய்க்கட்டு, பூனைப் பெட்டிமேல் ஒரு துண்டு, இரண்டும் அவசியம்.

தனியாரில் நேரம் சொல்லிப் போகலாம். டாக்டரின் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் சிகிச்சையும் சான்றிதழும் தர முடியும். வெறிநாய்த் தடுப்பூசியை அதே வருகையில் போடுவதானால், பரிசோதனை முடிந்து காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகு போடச் சொல்லுங்கள். பாட்டிலின் ஸ்டிக்கரைக் கார்டில் ஒட்டி, கையெழுத்தும் பதிவு எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். மாநகராட்சி உரிமத்துக்கு அந்தப் பக்கம்தான் தேவைப்படும்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சேவைகளில் ஒரு கேள்வி போதும்: எடுத்த இடத்திலேயே ஸ்மியர் தேய்ப்பீர்களா, சீரத்தை எத்தனை மணிக்குப் பிரிப்பீர்கள்? காலை எட்டு மணி ரத்தம் பைக் பெட்டியில் நான்கு வீடு சுற்றி மதியம் லேபை அடைந்தால் சிவப்பணு உப்பியிருக்கும், பிளேட்லெட் கொத்தாகியிருக்கும், பிரிக்காத சீரத்தில் சர்க்கரையை அணுக்களே தின்று குறைத்திருக்கும். ஐஸ் பேக்கும் இரண்டு மணி நேரமும் எல்லை.

அட்டையில் எதைத் தொட்டுக் காட்டுவது? ஒன்று முதல் ஏழு வயதுவரை, நோயில்லாத நாய்க்கும் பூனைக்கும் வருடத்துக்கு ஒரு சில்வர், கூடவே ஸ்மியர், சிறுநீர், மலம். பெரிய உருவ நாய்களுக்கு ஐந்து வயதிலேயே, மற்றவற்றுக்கு ஏழு வயதில், ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று மாற்றி, பயோகெமிஸ்ட்ரியும் பூனைக்கு எஸ்டிஎம்ஏ, டி4, ரத்த அழுத்தமும் சேர்க்கலாம். டிக் ஃபீவர் கிட்டை வருடாந்தர வழக்கமாக வைக்காமல் காய்ச்சல், சோர்வு, பிளேட்லெட் இறக்கம் வந்தால் செய்துகொள்ளலாம். பிளாட்டினத்தை மொத்தமாக வாங்க வேண்டிய அவசியம் அநேகமாக யாருக்கும் வராது. அதில் வேண்டியதைத் தனியாக எழுதச் சொன்னால் மறுக்கும் கிளினிக் அரிது. முன்பதிவு செய்யும்போதே ‘சிறுநீர் கொண்டுவருகிறோம், ரிஃப்ராக்டோமீட்டரில் பார்ப்பீர்களா’ என்று கேளுங்கள். மறுமுனையில் இருப்பவர் ‘அது என்னங்க?’ என்று கேட்டால், டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.